பூன்டாகல் விழா

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து நடைபாதைக் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்கு நேர்கீழே ஷமீமாவின் தையல் கடை. தீபாவளிக்குத் தைத்து மாட்டிய ரவிக்கைகள் எல்லாம் மழையில் நனைந்தன. வாடிக்கையாளர்களிடம் வசவு வாங்கியது அவள். வந்த ஆத்திரத்தில் நடைபாதை நல்வாழ்வு வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ஓட்டையை அடைக்காமல் அதன்மேல் தீபாவளி அலங்காரமென்று விளக்கு மயிலை உட்கார வைத்தது சுத்த ‘பூன்டாகல்’ என்று கடைசியில் ஒரு போடு போட்டாள். வானொலியில் கேட்ட நாளிலிருந்து, யார்மீதாவது ஏவுவதற்காக அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆங்கிலச் சொல் அது.

வாரியம் கூரையை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி சேதுபதி நேரில் எழுந்தருளினார்.

“மேடம், உங்க கம்ப்ளெயின்ட்டை ரொம்ப சீரியஸா எடுத்திருக்கோம். அந்த வேர்டுதான் எந்தக் கேட்டகரினு தெரியல.”

“உருப்படாத வேலையைப் பெரிய வேலை மாதிரி காட்டி, மக்கள் காசைக் கரைக்கிறதுனு அர்த்தம், தம்பி. ஓட்டையை அடைங்க லா.”

“அது மீனிங், மேடம். ஆரிஜின் வேணுமே! அது தெரியாம ஆக்‌ஷன் எடுத்தா ஆடிட்ல கேப்பாங்க.”

ஷமீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழு அமைந்தது. குழுவுக்குத் துணையாக ஒரு துணைக்குழு. வாரியத்தின் தெம்பனிஸ் அலுவலகத்தில் பெருமக்கள் கூடி, தேநீரோடும் கறிபஃபோடும் ஆராய்ந்து கண்டறிந்தனர்: அமெரிக்கச் சாரணர்கள் தோல்வாரில் பின்னிய கயிற்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. பின்னர் பொருளாதாரம் படுத்த காலத்தில், வேலையற்றவர்களை வைத்து அங்கே அரசாங்கச் செலவில் இப்படிப்பட்ட கைவேலைகள் நடக்க, பத்திரிகைகள் கேலி செய்தன. வீண் வேலைக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘பொருளை அனுபவபூர்வமாக உணரும்பொருட்டு’ ஊழியர் அனைவரும் கயிறு பின்னுமாறு பணிக்கப்பட்டார்கள். பின்னினார்கள். அலுவலகத்தில் கயிறு வைக்க இடமில்லாமல் போனது. இங்கே ரவிக்கைகளில் பூஞ்சை பிடித்தது.

ஒரு காலையில் கடை வாசலிலேயே கூடாரம் முளைத்தது: ‘பூன்டாகல் விழிப்புணர்வு விழா’. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று ஷமீமா கத்தரிக்கோலும் கையுமாக வெளியே பாய்ந்தாள்.

சாலை முனைவரை வரிசை. ரவிக்கை நனைந்ததற்கு அவளை வாய்க்கு வந்தபடி ஏசிய தங்கம், கடைசி ஆளாக நின்றாள்.

“என்ன வரிசை இது?”

“தெரியல. ஃப்ரீயா ஏதோ குடுக்குறாங்க. சீக்கிரம் நில்லு லா, முடிஞ்சிடும்!”

ஷமீமாவும் வரிசையைக் கண்டால் விடாத இந்த ஊரில் பிறந்தவள்தானே. கால்கள் அவளைக் கேட்காமலே போய் நின்றன. வரிசை நகர்ந்து கடை வாசலுக்கு வந்தபோது உச்சந்தலையில் கூரை சொட்டியது. முறை வந்ததும் சேதுபதி முகமெல்லாம் பல்லாக ஒரு கயிற்றை நீட்டினார்.

“உங்க கேஸ் வெற்றிகரமா முடிஞ்சிடுச்சு, மேடம். வேற ஏதாச்சும் சொல்லணுமா?”

சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. பின்னால் வரிசை நெருக்கியது.

“சிவப்புக் கலர் இருக்கா, தம்பி?” என்றாள் ஷமீமா. “மகளுக்கும் ஒண்ணு குடுங்க.”