மூன்றில் ஒரு பங்கு மோட்டார் சைக்கிள்

சரக்கைச் சேதமில்லாமல் பெற்றுக்கொண்டதாகக் கிருபாநிதி கையெழுத்துப் போட்டு நாற்பது நிமிடம் கழித்து, அந்தச் சரக்கு கடலில் விழுந்தது.

கொழும்புக் கப்பல் தூத்துக்குடியில் கரை வரை வராது. ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களை லாஞ்சும் சாமான்களைத் தோணியும் கரைக்குக் கொண்டுவரும். 1948 மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை அது. தோணியில் பாக்கு மூட்டைகளும் தேயிலைப் பெட்டிகளும் ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தன. கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் குமாஸ்தா என்ற முறையில் கிருபாநிதியும் இருந்தான். ரசீதில் கரையிறங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். கரையில் நெரிசலாக இருக்கும், மை கொட்டிவிடும் என்று கப்பலிலேயே போட்டுவிட்டான். எதையும் முன்கூட்டிச் செய்துவிடுவது அவன் வழக்கம். செய்த பிறகு, செய்தது சரிதானா என்று யோசிப்பதும் வழக்கம்.

நடுவில் மூட்டைகள் இருந்ததால் வண்டியை ஓரத்தில் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். கயிற்றின் முனை பவுலின் கையில் இருந்தது. பவுல்தான் தோணிக்குத் தண்டல். தோணியில் அவர் சொல்தான் சட்டம். பருவம் வந்தால் தன் ஆறு ஆட்களோடு கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பார். கரைக்கு அரை மைல் இருக்கும்போது தோணி லேசாக ஆடியது. பெரிய அலைகூட இல்லை. வண்டி ஒரு தடவை தலையைக் குனிந்தது. அடுத்த நிமிஷம் அந்த இடம் காலியாக இருந்தது.

"போச்சு" என்றார் பவுல், அமைதியாக.

வண்டி செல்வதுரையுடையது. செல்வதுரை தூத்துக்குடிக்காரர், கொழும்பில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியே பிழைப்பவர். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை போய்த் திரும்பும் ரோடு ரேஸ் இருந்தது. ஜெயிப்பவரைச் சென்னை மோட்டார் கம்பெனி ஒன்று தன் சொந்த ரேஸ்காரராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கிருபாநிதியின் மேனேஜர் நயினார்தான் ரேஸ் கமிட்டிக் காரியதரிசி.

கிருபாநிதி ரசீதைப் பார்த்தான். கையெழுத்து நன்றாகத்தான் விழுந்திருந்தது.

மூழ்கி எடுத்துத் தரும்படி பவுலைக் கெஞ்சினான். பவுல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆறு பாகம் ஆழம் தம்பி, முப்பத்தாறு அடி. கிடக்கட்டும். மீனுக்கும் ஏறிப் போக ஒண்ணு வேணும்லா."

ஆனால் ஆட்கள் ஆறு பேரும் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். சங்குப் பருவம் முடிந்து ஒரு மாதமாக மூழ்காமல் இருந்தவர்கள். கடலுக்குள் மோட்டார் சைக்கிள் கிடக்கிறது என்றால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது? ஆட்களே குதித்த பிறகு தண்டல் என்ன செய்வார்? பெருமூச்சு விட்டு அவரும் குதித்தார். கிருபாநிதிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சொந்த ஊரான நாசரேத்தில்கூட அவனுக்காக யாரும் இத்தனை ஆழத்துக்குப் போனதில்லை.

வண்டி மேலே வந்தது. கரையில் இறக்கிவிட்டு, பவுலுக்கு மூன்று முறை நன்றி சொல்லிவிட்டு, அவன் ஆபீஸுக்கு ஓடினான்.

நயினார் முழுவதையும் கேட்டார். ரசீதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்ன இந்த மாசக் கடைசியில நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதணும்னு இருந்தேன்" என்றார். "சனிக்கிழம ஆறு மணிக்கு அந்த வண்டி கோட்டுல நிக்கணும். நிக்கலன்னா, திங்கக்கிழம நீ இங்கன வந்து நிக்க வேண்டாம்."

அடுத்ததாக, லாஞ்சில் முன்னாலேயே வந்துவிட்ட செல்வதுரையின் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது அவர் மனைவி மெட்டில்டா. வண்டி கடலில் விழுந்துவிட்டது என்ற பாதி வாக்கியத்திலேயே அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மாதாவே, உமக்குத் தோத்திரம்" என்றாள்.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக வண்டி போனதைக்கூடப் பொருட்படுத்தாமல் கடவுளுக்கு நன்றி சொல்லும் பெண்ணைக் கிருபாநிதி அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு, வண்டியை எடுத்துவிட்டோம் என்ற மீதிப் பாதியைச் சொன்னான். அவள் முகம் வாடியது. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

செல்வதுரை கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்ததால் வண்டி செத்துவிடாது, பிரித்துக் கழுவி மண்ணெண்ணெயில் துடைத்தால் போதும், உடனே கொண்டுவா என்றார். அவருக்கும் நன்றி சொல்லிவிட்டு, ஒரு மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டு கிருபாநிதி கடற்கரைக்குத் திரும்பினான்.

அங்கே மோட்டார் சைக்கிள் இல்லை. மணலில் மூன்று குவியல்கள் இருந்தன. பவுல் கையில் ஸ்பேனர் இருந்தது.

"பங்கு வச்சாச்சு" என்றார் பவுல். "நீங்க ரெண்ட எடுத்துக்கிடுங்க."

பவுல் பொறுமையாக விளக்கினார். முத்துக்குளிப்பில் கடலடியிலிருந்து எது வந்தாலும் மூன்று குவியலாக வைக்க வேண்டும். சர்க்கார் ஆள் வந்து தனக்குப் பிடித்த இரண்டை எடுத்துக்கொள்வார். மிச்சம் ஒன்று குளித்தவர்களுக்கு. அவர் அப்பா காலத்திலும் அப்படித்தான், அதற்கு முன்னாலும் அப்படித்தான்.

"முத்துக்குளிப்பு நடந்தே இருவது வருசம் இருக்குமே, அண்ணாச்சி."

"அதுக்காக? கடல் மாறிருச்சா?"

ஆட்கள் ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு இதில் துளிச் சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை. கிருபாநிதி குவியல்களைச் சுற்றி வந்தான். ஒன்றில் சட்டமும் சக்கரங்களும். இன்னொன்றில் இன்ஜினும் டாங்கும் ஹாண்டில்பாரும். மூன்றாவதில் ஒரு சின்னக் கூடைக்குள் அடங்கும் சில்லறைச் சாமான்கள். அவன் பெரிய குவியல்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டான். இவ்வளவு சின்னப் பங்கோடு திருப்திப்பட்டதற்காகப் பவுலுக்கு மறுபடியும் நன்றி சொன்னான். பவுல் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செல்வதுரை சாமான்களை வாசலில் பரப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, இது நிக்கும். ஓடாது."

கார்புரேட்டர் இல்லை, தீப்பொறி தரும் மேக்னெட்டோ இல்லை, பிளக் இல்லை, செயின் இல்லை. யார் வண்டியைப் பிரித்தது என்று கேட்டார். பவுல் என்ற ஒரு நல்ல மனிதர் என்றான் கிருபாநிதி. செல்வதுரை வெகுநேரம் சிரித்தார். உள்ளே மெட்டில்டா ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் பவுலிடம் போய் நின்றான். குளித்தவர்கள் பங்கு மறுபடியும் ஆளுக்காள் பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட்டதாம். ஆனால் பவுல், யார் யாரிடம் எது என்று கேட்டதும் தயங்காமல் நான்கு முகவரி சொன்னார். கிருபாநிதி நன்றியோடு எழுதிக்கொண்டான். நான்கில் மூன்று தவறான முகவரி. நாளெல்லாம் கடலில் வேலை பார்க்கும் மனிதருக்கு ஞாபகப் பிசகு வராதா என்று அவனே சமாதானம் செய்துகொண்டு, தெருத் தெருவாக விசாரித்தான்.

செயின் முத்துக்கனி நாடார் கடையில் இருந்தது. ஆட்களில் ஒருவன் அதை அவருக்குக் கொடுத்திருந்தான். அவர் பெரிய தராசை அதில் தொங்கவிட்டிருந்தார்.

"இத அவுத்தா தராசு எதுல தொங்கும், தம்பி? ஒம்ம தலையிலயா?"

கிருபாநிதி வெளியே நின்ற தன் சைக்கிளைப் பார்த்தான். சிறிது யோசித்து அதன் செயினைக் கழற்றிக் கொடுத்தான். முத்துக்கனி இழுத்துப் பார்த்து, இதுவும் நல்ல செயின்தான் என்றார்.

கார்புரேட்டர் வைத்திருந்தவன், அதன் பளபளப்புக்குச் சமமாக ஒன்று கேட்டான். சைக்கிள் விளக்கு போயிற்று. பிளக்கை ஒருவன் தூண்டில் கயிற்றுக்குக் குண்டாகக் கட்டியிருந்தான். அவன் சைக்கிள் மணியைத்தான் வாங்கிக்கொள்வேன் என்றான். மேக்னெட்டோ ஒரு வீட்டில் கதவு அடிக்காமலிருக்க முட்டாக இருந்தது. அந்த வீட்டுக்காரிக்குச் சைக்கிளின் சீட்டு பிடித்திருந்தது. மாலை நான்கு மணிக்குக் கிருபாநிதியின் கூடையில் எல்லாச் சாமான்களும் இருந்தன. சைக்கிளில் தள்ளுவதற்கு மட்டுமே வழி இருந்தது.

மேக்னெட்டோ ஈரமாக இருந்தது. வெயிலில் வைத்தால் இரண்டு நாளாகும் என்றார் செல்வதுரை. கிருபாநிதி அதை ஒரு பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். மக்ரூன் வேகும் இளஞ்சூடுதான் சரியான சூடு என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியது சரியா என்று வழியெல்லாம் சந்தேகமாகவும் இருந்தது. பேக்கரிக்காரர் ரேஸ் பைத்தியம். மக்ரூன் தட்டுகளுக்கு நடுவே மேக்னெட்டோவையும் வைத்தார். அன்றைய மக்ரூனில் லேசாக ஆயில் வாசனை அடித்ததாகப் பிறகு சிலர் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி கோட்டில் நின்றது. அது ஓடுமா என்று நயினார் கேட்டார். நிற்கிறது, சார் என்றான் கிருபாநிதி. அவனுக்கு விதித்த நிபந்தனை அவ்வளவுதான்; அதற்குமேல் உறுதி சொல்ல அவனுக்குத் தைரியமில்லை.

வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. பதினோரு வண்டிகளில் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பும் வழியில், வல்லநாட்டு வளைவுக்குச் சற்று முன்னால், இன்ஜினுக்குக் கடல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். திணறி வேகம் குறைந்தது. முன்னால் போன இரண்டு பேரும் அந்த வளைவில் புதிதாகக் கொட்டியிருந்த சரளையில் சறுக்கி முள்செடிக்குள் போனார்கள். முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தார்கள். செல்வதுரை அந்த வளைவைச் சைக்கிள் வேகத்தில் கடந்தார். கடந்த பிறகு இன்ஜின் தெளிந்தது. முதலாவதாக வந்து சேர்ந்தார்.

இறங்கியதும் அவர் கோப்பையைக்கூட வாங்காமல் கிருபாநிதியைத் தேடிக் கட்டிக்கொண்டார். முழு வேகத்தில் போயிருந்தால் தான் இந்நேரம் எங்கே கிடந்திருப்பேனோ என்றார். மெட்டில்டா அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்தாள். நயினார் தொண்டையைச் செருமினார்.

"நிரந்தரத்துக்கு இன்னைக்கே எழுதுதேன். ஆனா ஒண்ணு. கையெழுத்த மட்டும் இனிமே கரைக்கு வந்து போடு."

கிருபாநிதி நேராகப் பேக்கரிக்குப் போனான். ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு, கடற்கரைக்கு நடந்தான். இத்தனைக்கும் காரணமான மனிதருக்கு ஒழுங்காக நன்றி சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டான்: ஆறு பாகம் ஆழத்தில் மூழ்கியது, பெரிய குவியல்களை விட்டுக்கொடுத்தது, முகவரிகள் சொன்னது.

பவுல் மணலில் உட்கார்ந்து பாய் தைத்துக்கொண்டிருந்தார். ரேஸ் முடிவு அதற்குள் அவருக்கு வந்துவிட்டிருந்தது. கிருபாநிதி பொட்டலத்தை நீட்டி, வரிசை தவறாமல் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னான். செல்வதுரை உயிரோடு ஜெயித்து வந்ததே உங்களால்தான் அண்ணாச்சி என்று முடித்தான்.

பவுல் ஊசியைக் கீழே வைத்தார். ஒரு மக்ரூனை எடுத்து முழுவதையும் மெதுவாகத் தின்றார். கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கடலுக்குள்ள முங்குதவன் கயித்த நாங்க அவன் பொண்டாட்டியோட அண்ணன் கையிலதான் குடுப்போம் தம்பி, தங்கச்சி தாலி அறுக்க அவன் விடமாட்டான்னு, மெட்டில்டா என் கூடப்பெறந்தவ, அதனாலதான் அன்னைக்கு அந்தக் கயித்த விட்டேன்."