ஏர்ஹாரனும் அந்தப் பக்கத்து அம்மாவும்

கை காலால் வண்டி ஓட்டுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். வாயால் வண்டி ஓட்டுகிற ஒரே மனிதர் எங்கள் ஓசூரில்தான் இருக்கிறார். நாங்கள் அவரை ஏர்ஹாரன் என்போம்.

அவருடைய பள்ளி வேனில் எல்லாம் வேலை செய்யும், ஹாரனைத் தவிர. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கன்னத்தை உப்பி, 'பாஆஆம்' என்பார். மாடு ஒதுங்கும். டூவீலர் ஒதுங்கும். கம்பெனிக்கு இரும்பு ஏற்றிப் போகும் லாரிகூட ஒதுங்கும். ஒரு தடவை கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அவர் எழுப்பிய சத்தத்தில், பேண்டு வாசித்தவர்கள் தங்கள் ஆள் ஒருவர் பின்தங்கிவிட்டார் என்று நின்று காத்திருந்தார்களாம்.

"ஹாரனை ரிப்பேர் பண்ணக் கூடாதாண்ணே?" என்று கேட்டேன்.

"பண்ணலாம்மா. ஆனா அது சத்தம் போட்டா மாடு மொறைக்குது. நான் போட்டா மரியாத குடுக்குது."

அவர் கர்நாடக எல்லையோரம் இருக்கும் தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் ஒரே மூச்சில் வரும்.

நான் விருதுநகர்ப் பக்கம். பதினெட்டு வருடங்களாக இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் எப்படியெல்லாம் பழுதாகலாம், பழுதானால் என்ன ஆகும், அதற்கு என்ன தடுப்பு என்று முன்கூட்டியே யோசித்துக் கட்டம் கட்டி எழுதுவது என் வேலை. ஒவ்வொரு ஆபத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவோம். இந்த வேலைக்காகவே என்னைப் பெற்றார்கள் என்று என் கணவர் சொல்வார். வீட்டிலும் நான் அதைத்தான் செய்கிறேன். யாழினி, எங்கள் ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. அவளை அந்த வேனில் ஏற்றுவதற்கு முன் நாற்பத்தோரு ஆபத்துகளைப் பட்டியல் போட்டேன். டயர், பிரேக், கதவு, பாம்பு. எல்லாவற்றுக்கும் தடுப்பும் எழுதினேன்.

அந்தப் பட்டியலில் கதையை எழுத மறந்துவிட்டேன்.

ஏர்ஹாரன் வண்டி ஓட்டும்போது கதை சொல்வார். கண் ரோட்டில், வாய் கதையில். அவருடைய கதையில் மூன்று வீரர்கள். மாங்கூழ் மாதேஷ் கிருஷ்ணகிரிக்காரன். உள்ளங்கையை நீட்டினால் மாங்கூழ் பீச்சும், எதிரிகள் வழுக்கி விழுவார்கள். போர்வெல் புட்டம்மா கத்தினால் ஆயிரம் அடிக்குக் கீழே பாறை பிளந்து தண்ணீர் வரும். நட்டு நாகராஜ் எந்த நட்டையும் பார்வையாலேயே கழற்றுவான். மூன்று பேரும் ஒரு பனிக்காலையில் ஒரு திருடனைத் துரத்திக்கொண்டு ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டுகிறார்கள். தாண்டியதும் காலம் ஒரு கியர் வழுக்கிவிடுகிறது. பனி விலகினால், அவர்கள் நிற்பது கர்நாடகம் இல்லை. வேறு ஒரு ஓசூர்.

அந்த ஓசூருக்குக் கம்பெனிகளே வரவில்லை. சங்கு ஊதாது, ஷிப்ட் கிடையாது, கண்ணுக்கு எட்டியவரை ரோஜாத் தோட்டம். அங்கேயும் ஒரு மாதேஷ், ஒரு புட்டம்மா, ஒரு நாகராஜ். அதே முகம், அதே நடை. ஆனால் எல்லோரும் கொஞ்சம் மேல். அந்த மாதேஷின் கையிலிருந்து பன்னீர் வரும். அந்தப் புட்டம்மா கத்தவே வேண்டாம், ரகசியம் பேசினால் போதும், பத்தடியில் தண்ணீர். அந்த நாகராஜ் இருக்கும் ஊரில் எந்த நட்டும் லூஸே ஆகாது. திரும்பி வர வழி தெரியாமல் நம் ஆட்கள் அங்கே மாட்டிக்கொண்டு, தங்களையே பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் தினமும் மாலை யாழினி எனக்குச் சொன்னவை. நானும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு நாள் வேனில் அவரிடம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கும் வரை.

"மாமா, கம்பெனியே வரலன்னா எங்கம்மா எப்படி ஓசூர் வந்திருப்பாங்க?"

"வந்தாங்களே! ரோஜாத் தோட்டம் போட வந்தாங்க. ஜீப்பு ஓட்டிக்கினு."

அன்றைக்குப் பிறந்தாள் அவள். என் முகத்தோடு, என் குரலோடு. ஜீப் ஓட்டுவாள். ஜவளகிரிக் காட்டிலிருந்து யானை வந்தால் பட்டாசு வெடிக்க மாட்டாள். இடுப்பில் கை வைத்து 'போடா' என்பாள், அது போய்விடும். மழையில் மகளை நனைய விடுவாள். பரீட்சைக்கு முதல் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு அணைக்கு மீன் பிடிக்கப் போவாள். பயம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டில் ஒரே பேச்சாகிவிட்டது. "அந்த அம்மா தலை துவட்டச் சொல்ல மாட்டாங்க." "அந்த அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பாக்க மாட்டாங்க." என் கணவரும் ஒரு நாள் சாப்பிட்டபடியே, "அந்த அம்மா ரசம் எப்படி வைப்பாங்க?" என்றார்.

ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவது ஊரில் உள்ளதுதான். நான் என்னைப் பார்த்தே பட்டேன். கண்ணாடி முன் நின்று தலை வாரும்போதுகூட, இந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் மட்டும் யானையை விரட்டுகிறாளே என்று ஆத்திரம் வந்தது.

நானே ஒரு கதை சொல்லிப் பார்த்தேன். என் கதாநாயகி பறக்கும் பெண். "அவ முதல்ல ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை நல்லா இறுக்கிக்கிட்டு, மேல கரண்ட் கம்பி இருக்கான்னு பார்த்து..." என்று நான் ஆரம்பித்ததுமே யாழினி தூங்கிவிட்டாள். சரி, அவளைப் போலவே இருந்துவிடலாம் என்று ஒரு மழை நாளில் தலை துவட்டச் சொல்லவில்லை. பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல்.

நான்காம் நாள் நேராக வேனுக்கே போனேன்.

"அண்ணே, அந்த அம்மாவைக் கதையிலேர்ந்து எடுத்துருங்க."

"எந்த அம்மா?"

"அதான்ணே... நானு."

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு யோசித்தார். "எடுக்க முடியாதும்மா. பசங்க கேப்பாங்க. ஒண்ணு பண்றன். ஜலதோஷம் வர வைக்கிறன். படுத்துக்கினு கிடக்கட்டும்."

மறுநாள் மாலை யாழினி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா! அந்த அம்மாவுக்கு ஜலதோஷம். யானை வந்துச்சு. 'போடா'ன்னு சொல்லக் குரல் வரல. ஒரே தும்மல்தான்! ஏழு யானை ஓடிருச்சு!"

அந்த வாரமே வேனை மாற்றினேன். கணவரிடம் பாதுகாப்பு என்று சொன்னேன். ஏர்ஹாரனிடம் வழி சுற்று என்று சொன்னேன். அவர், "பாப்பா ஜன்னல் சீட்டுல உக்காந்தா வாந்தி வராது, அங்க சொல்லிருங்க" என்றார். அது எனக்குத் தெரியாத விஷயம். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

புது வேனில் கேமரா உண்டு, நிஜ ஹாரன் உண்டு, ஏறினால் இறங்கினால் என் போனுக்குத் தகவல் உண்டு. ஓட்டுநர் வாயே திறக்க மாட்டார். என் கட்டங்களில் எல்லா மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது. யாழினியும் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து நான் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவேன். நாலேகாலுக்கு வேன் வந்தது. போனில் 'யாழினி இறங்கிவிட்டார்' என்று தகவலும் வந்தது. வேனிலிருந்து யாழினி இறங்கவில்லை.

"பாப்பா ஏறவே இல்லைங்களே. அம்மா வந்து கூட்டினு போவாங்கன்னு சொல்லுச்சு" என்றார் உதவிக்கு வரும் பெண்.

பள்ளிக்கு ஓடினேன். வகுப்பு, கழிவறை, மைதானம், எங்கும் இல்லை. காவலாளி, பிள்ளைகள் கூட்டத்தில் கவனிக்கவில்லை என்றார். கணவருக்கு, டீச்சருக்கு, நான்கு தோழிகளின் வீட்டுக்கு, போலீசுக்குப் போன் செய்தேன். ஏர்ஹாரனின் எண் என் கையிலேயே இருந்தது. இரண்டு தடவை அதைத் தேடி எடுத்து, இரண்டு தடவையும் வேறு யாருக்கோ அடித்தேன். அவள் இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று உள்ளே ஏதோ ஒன்று வேண்டிக்கொண்டது. பிள்ளையைக் காணோம், அப்போதும் அப்படி. இருபது நிமிடம் போன பிறகுதான் கூப்பிட்டேன்.

அவர் பதறவில்லை. ஒரே கேள்வி கேட்டார். "ஏம்மா, நம்ம வண்டிய விட்டதுக்கு அப்புறம் பாப்பாவுக்குக் கதைய யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலண்ணே."

"அய்யய்யோ. அப்ப செக்போஸ்ட்லதான் இருப்பா. கதைய அங்கதான் நிறுத்தி வச்சிருந்தன், ரெண்டு பக்கத்து ஆளுங்களும் எதிரெதிரா. அங்கியே நில்லுங்க, வரன்."

ஏழு பிள்ளைகளோடு வந்தார். இன்னும் வீட்டில் இறக்கிவிடாத ஏழு பேர். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. ஏழு பிள்ளைகளும் ஆளுக்கொரு ஜன்னலில் சேர்ந்து கத்தினார்கள். நெடுஞ்சாலை எங்களுக்கு வழிவிட்டது. இத்தனை தலைகள் ஜன்னலுக்கு வெளியே என்பதற்கு நான் வழக்கமாகப் பத்துக்குப் பத்து போடுவேன். அன்று நானும் தலையை நீட்டிக் கத்தினேன்.

ஜூஜூவாடியில், ஒரு டீக்கடை பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். கடைக்காரம்மா வாங்கிக் கொடுத்த பன்னில் பாதி கையில் இருந்தது. அந்த அம்மாள் கன்னடத்தில் என்னைத் திட்டினார். முழுக்கப் புரிந்தது.

நான் அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அவளைப் பாக்கத்தான் வந்தியா? அந்த அம்மாவை?"

யாழினி புரியாமல் பார்த்தாள். "இல்லியே. அந்த யாழினி வரப் போறாளான்னு பாக்க வந்தேன்."

"எந்த யாழினி?"

"அங்க இருக்கிற யாழினி. இந்தப் பக்கம் ஒருத்தர்தான் வர முடியும்னு மாமா சொன்னாங்க. அவ கணக்குல நூறு எடுப்பா. பென்சில் தொலைக்க மாட்டா. அவ வந்துட்டா நீ அவளையே வச்சுக்குவ."

ஏர்ஹாரன் வாயில் கை வைத்துக்கொண்டார். "சத்தியமா நான் அப்பிடி ஒரு பாப்பாவ வுடலம்மா. அவளே சேத்துக்கினா."

பக்கத்து வீட்டு ஹரிணி நூறு, நீ அறுபத்திரண்டா என்று நான் கேட்டது போன மாதம். அந்த யாழினியை இந்தக் கதைக்குள் விட்டது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவும் மகளும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு அறையில், இல்லாத இரண்டு பேரைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அண்ணே, கதையை இங்கேயே முடிச்சு வச்சுருங்க" என்றேன்.

அவர் முகம் வெளிறியது. "எனக்கு முடிக்க வராதும்மா. பதினோரு வருசமா ஸ்டாப்பு வந்தா நிறுத்துவன். அவ்ளோதான். முடிச்சதே இல்ல."

ஏழு பிள்ளைகளும் ஜன்னலில் காத்திருந்தார்கள். டீக்கடை அம்மாளும் டம்ளரைக் கழுவாமல் நின்றார். சரி என்று நானே தொடங்கினேன். செக்போஸ்ட்டில் அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தப் பக்கத்து ஆட்களும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர்தான் இங்கே வரலாம். அப்போது மாங்கூழ் மாதேஷின் அம்மா வருகிறாள். வந்தவள் பன்னீர்க்காரனைத் திரும்பியே பார்க்கவில்லை. "டேய், சட்டையெல்லாம் என்னடா மாங்கூழு, வாடா வீட்டுக்கு" என்று தன் மகனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள்.

"அவ்வளவுதானா?" என்றான் ஒரு பையன்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"சண்டையே இல்ல!" என்று அலுத்துக்கொண்டார்கள். யாழினி மட்டும் தன் சட்டையில் ஒட்டியிருந்த பன் துணுக்குகளைத் தட்டிவிட்டு, என் பக்கம் நகர்ந்து வந்தாள். நான் அவள் காதைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன்.

ஏர்ஹாரன் மெதுவாக என்னிடம், "முடிவு நல்லா இல்லம்மா" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏழு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போன் போட்டுத் திட்டு வாங்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை யாழினி பழைய வேனுக்குத் திரும்பினாள். என் பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. புதுக் கதை தொடங்கிவிட்டார். அதில் ஒரு அம்மா வருகிறாள், ராக்கெட் ஓட்டுகிறாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன்.

சென்ற வாரம் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், வரிசையாக எழுதவும் என்று இருந்தது. முதல் வரியில் என்னை எழுதினேன். இரண்டாவது வரிக்காக வேனுக்குப் போய், இத்தனை வருடம் கழித்து அவருடைய நிஜப் பெயரைக் கேட்டு வந்தேன். மூன்றாவது வரிக்கு இறங்கிவிட்ட என் கணவர் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

பெயருக்குப் பக்கத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். இந்த ஊரில் ஆட்டோக்காரர், காய்கறிக்காரர் எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன். அதை எழுத்தில் எழுதியது இதுதான் முதல் தடவை.