ஆக்கர்மானின் வலது கை

முன்பு கையால் வேலை செய்தவர், இப்போது அந்தக் கையைக் காட்டியே வேலை செய்பவர்: இப்படி ஒரு ரக மனிதர் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சுவிஸில், சோலோதுர்ன் நகரில் எங்கள் அகதி விடுதிக்கு வருகிறவர் ஹெர் ஆக்கர்மான். ஒரு காலத்தில் வீடு வீடாக ஹீட்டர் பூட்டித் திரிந்தவர். இப்போது தொழிலாளர் கட்சியின் பெயரில் கன்டோன் சபையில், அதாவது மாநிலச் சபையில், இருக்கிறார். கூட்டமென்றால் பழைய நீல வேலைச்சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, அதற்கு மேலே கழுத்துப்பட்டியும் கட்டி, காய்த்த உள்ளங்கையை முன்வரிசைக்கு விரித்துக் காட்டி, "தோழர்களே, நானும் உங்களில் ஒருவன்" என்று சொல்லி, கைதட்டல் ஓய்ந்ததும் வெள்ளை வைன் பக்கம் நகர்வார். காய்ப்பு எப்போதோ கரைந்துவிட்டது. என்னைப்போல அகதி வழக்கு முடியாதவன் அதை வாய்விட்டுச் சொல்லுவானா?

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், எங்கள் விடுதியில் கைக்குழந்தையோடு இருந்த இந்திராவின் அறை ஹீட்டர் ஐஸாய்க் கிடந்தது. குழந்தை இருமியது. முறையிட்டோம், ஆக்கர்மான் வந்தார். அவர் பேச்சைத் தமிழாக்குவது என் பொறுப்பு. தொண்டையைச் செருமினார்.

"குளிர் ஒரு வர்க்கப் பிரச்சினை!"

"என்னவாம், அண்ணை?" என்றாள் இந்திரா.

"குளிராம்."

"அது எங்களுக்குத் தெரியாதோ? ஹீட்டர் பூட்டினவர் எண்டியள், திருத்துவாரோ?"

அவர் சபையில் கேள்வி எழுப்பப்போவதாகச் சொன்னார், கமிட்டி என்றார், நாளைக்கே பத்திரிகைக்காரரைக் கூட்டிவருவேன் என்றார். சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அவருடைய வலது கை, அவரைக் கேளாமலே, பைக்குள் போய், ஒரு சின்னச் சாவியை எடுத்து, ஹீட்டரின் ஓரத்தில் திருகி, அடைத்திருந்த காற்றைப் புஸ்ஸென்று வெளியேற்றி, மறுபடி இறுக்கிவிட்டது. ஹீட்டர் சுடத் தொடங்கியது. பேச்சு நிற்கவில்லை.

இந்திரா கும்பிட்டாள். அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"ஐயோ, நாளைக்குப் படம் பிடிக்க வருகிறார்களே!"

கை ஹீட்டரை மூடப் போனது. இதைத் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை. இந்திரா பிள்ளையோடு ஹீட்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தொடட்டும் பாப்பம்! படத்துக்காக என்ரை பிள்ளை விறைக்கவேணுமோ?"

நான் மொழிபெயர்த்தேன்: "நாளைக்கு எல்லோரும் கோட்டுப் போட்டு நிற்கலாம் என்கிறாள், ஹெர் ஆக்கர்மான்."

அவர் முகம் மலர்ந்தது.

பத்திரிகையில் வந்த படத்தில் கம்பளிக் கோட்டுகளுக்குள் நடுங்கிக் காட்டுகிறோம், நெற்றியெல்லாம் வியர்வை. நடுவில் விரித்த உள்ளங்கை. குழந்தை மட்டும் சட்டையில்லாமல் தூங்குகிறது.

சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் வீட்டில் பல்பு எரியாவிட்டால், மாற்றுவதற்கு முன்பு தொண்டையைச் செருமுகிறீர்களோ? கவனம்.