நூறடிக்கு ஒரு வண்டி

"ஹத்தி, ஹத்தி! ஏறுங்க சார்! இந்த வயசுல எதுக்கு இப்படி ஓடறீங்க?"

கம்பெனி பஸ்ஸை ஓரங்கட்டி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கன்னடமும் தமிழுமாகக் கத்தினார் டிரைவர் திம்மப்பன்.

பாகலூர் ரோட்டில் விமல்ராஜ் நூறடிகூட ஓடியிருக்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கல்லூரியில் ஐயாயிரம் மீட்டர் ஓடி கப் வாங்கிய கால்கள்தான். அப்புறம் கல்யாணம், கியர் கம்பெனி, ரேவதியின் சமையல். இப்போது குனிந்தால் ஷூ தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். "எங்கப்பா கண்டிப்பா முடிப்பாரு" என்று மகள் ஜெயப்ரியா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். வேடிக்கை பார்க்க நாலு தோழிகளை வேறு கூப்பிட்டிருந்தாள். ஐயோ, மானப் பிரச்சினை!

"நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடலண்ணா. உடற்பயிற்சி! எனக்கு செகண்ட் ஷிஃப்ட்."

"கம்பெனி சட்டை போட்டவரை ரோட்ல விட்டுட்டுப் போனா என் வேலை போயிரும். ஏறுங்க."

உள்ளிருந்து நாலு கைகள் இழுத்துப் போட்டன. கேட்டில் சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "நல்ல நேரத்துல வந்தீங்க! ரெண்டு பேர் லீவு." அன்றைக்கு இரண்டு ஷிஃப்டும் விமல்ராஜ்தான் பார்த்தார்.

மறுநாள் வெறும் பனியனோடு கிளம்பினார். வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருந்த ரேவதி, அடுப்படியிலிருந்து கையசைத்தாள்.

"நல்லா ஓடுங்க! உங்களால முடியும்!"

அந்த ரோட்டில் அவள் கடையில் சாப்பிடாத வண்டிக்காரன் கிடையாது.

நூறடி. பால் வண்டி நின்றது.

"என்னண்ணா, பனியனோட ஓடறீங்க? வீட்ல சண்டையா?"

"அட, அதெல்லாம் இல்லப்பா!"

பால்கார மணிகண்டன் கேட்டால்தானே. கேன்களுக்கு நடுவே அவரை உட்கார வைத்து, சமாதானம் பேச நேராக தொரப்பள்ளி மாமனார் வீட்டில் கொண்டுபோய் இறக்கினான். மருமகனைப் பனியனோடு பார்த்த மாமியார் பாப்பம்மா அழுதேவிட்டார்.

புதன்கிழமை, ரோடே வேண்டாமென்று கெலவரப்பள்ளி பக்கம் வயல் வழியாக ஓடினார். நூறடியில் எதிரே மொபெட்டில் கோஸ் மூட்டையோடு வந்தார் விவசாயி நாராயணப்பன்.

"யானை இறங்கியிருக்குப்பா! ஏறு, ஏறு!"

அன்றைக்கு விமல்ராஜை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தாவி மூட்டைமேல் ஏறியதைப் பார்த்து, களையெடுத்துக் கொண்டிருந்த பெண்களும் தலைதெறிக்க ஓடினார்கள். யானை மட்டும் வரவே இல்லை. புரளி கிளப்பிய பனியன்காரன் யாரென்று ஊரே தேடியதால், சனிக்கிழமை வரை அவர் தெருவில் தலைகாட்டவில்லை.

ஆக மொத்தப் பயிற்சி முன்னூறு அடி.

ஞாயிறன்று ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் விமல்ராஜுக்குக் கண் இருட்டியது. மூச்சு எங்கேயோ, ஆள் எங்கேயோ. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள, திம்மப்பனின் பஸ் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அப்பாடா! வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த பஸ்ஸுக்கு அவரே கை காட்டினார்.

"அண்ணா, நிறுத்துங்க! ஏத்திக்கோங்க!"

பஸ் நிற்கவில்லை. ஜன்னலில் திம்மப்பனின் தலை மட்டும் நீண்டது.

"முடியாது சார்! 'அவருக்கு மூச்சு வாங்கும், நூறடி தாண்டினதும் எதையாவது சொல்லி ஏத்திக்கோங்க'ன்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாங்க ரேவதியக்கா. ஆனா இன்னிக்கு உங்க பொண்ணு பார்க்குது, ஏத்தினா இனிமே இட்லியே கிடையாதுன்னுட்டாங்க!"