நடக்க வேண்டாத ஓட்டல்

சாவதற்குள் குடும்பத்தை ஒரு தடவை தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்தேன். எல்லாரும் பேச்சுக்குச் சொல்கிற வார்த்தைதான். நான் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் நான் கிரேன் ஆபரேட்டர். பதினாறு வருஷமாகக் காண்ட்ராக்ட். கூரைக்குக் கீழே தொங்குகிற கூண்டில் உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்பை இங்கிருந்து தூக்கி அங்கே வைக்க வேண்டும். கூண்டுக்கு ஐம்பத்திரண்டு படி. போன மாசி மாதத்திலிருந்து, முப்பதாவது படிக்கு வந்ததும் யாரோ என் நெஞ்சின்மேல் ஏறி உட்கார ஆரம்பித்தார்கள். நல்ல கனமான ஆள். இறங்கச் சொன்னால் இறங்குவதில்லை.

யாருக்கும் தெரியாமல் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்குது. நாளைக்கே மெட்ராஸ் போய்ச் சேருங்க. தள்ளிப் போட்டா எப்ப வேணா..." என்று நிறுத்தி, மீதியைக் கையால் காட்டினார். கை மேலே போயிற்று.

நான் போகவில்லை. நெஞ்சுக் கோளாறு என்று தெரிந்தால் கம்பெனியில் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பயம். நெஞ்சை அறுத்துத் திறப்பார்களே என்கிற பச்சைப் பயம். முதல் காரணம் கேட்க கௌரவமாக இருந்ததால் அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து வருஷாந்திர மெடிக்கல் வந்தது. ஆலை கேட்டுக்குப் பக்கத்தில் பந்தல், பந்தலுக்குள் ஒரு கட்டில், ஒரு மெஷின். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் மாட்டினால் எங்கள் ஆலையில் எல்லாரும் ஒரு தாய் பிள்ளைகள். என் ஷிப்ட்டில் கொக்கி மாட்டுகிற பீட்டர் பந்தலுக்குள் இரண்டு தடவை போனான். முதல் தடவை பீட்டராக. இரண்டாவது தடவை அருணகிரியாக, அதாவது நானாக. அவனுக்கு எருமை இதயம். எனக்கு 'ஃபிட்' என்று சர்ட்டிபிகேட் வந்தது. இனி வேலைக்கு ஆபத்தில்லை, உயிருக்கு மட்டும்தான் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அதுவும் பாதிதான் வந்தது.

இனி குடும்பத்துக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டாமா? என் மகள் கவிப்பிரியா பத்தாவது படிக்கிறாள். மெட்ராஸுக்குத் தெற்கே, கடலோரமாக, நூற்று இருபது ஏக்கரில் ஆனந்தலோகம் என்று ஒரு தீம் பார்க் திறந்த நாளிலிருந்து அதே பேச்சு. அங்கே இரண்டு நாள் தங்குவோம். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே ஒரு போட்டோ எடுப்போம். என்னைச் சுவரில் மாட்ட வேண்டி வந்தால் நல்ல படமாக ஒன்று வேண்டும். இருப்பதெல்லாம் கேட் பாஸ் போட்டோ. அதில் நான் போலீஸ் தேடுகிறவன் மாதிரி இருப்பேன்.

என் மனைவி சுமலதாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மாமா திடீர்னு? போன வருசம் பூண்டி டேமுக்குக் கூட்டிக்கினு போன்னு சொன்னதுக்கே, ஊட்டுக் கொழாயத் தொறந்து தண்ணியப் பாருன்னியே?"

"மனுசன் மாறக் கூடாதா?"

"மாறலாம். காரணம் இல்லாத மாற மாட்டான்."

கீரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆனந்தலோகத்தில் மூன்று ஓட்டல். ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் போன் செய்தேன். முதல் ஓட்டல் பார்க்குக்கு உள்ளேயே, அரண்மனை வடிவத்தில். போனில் ஒரு பெண் தேனாகப் பேசினாள்.

"நம்ம ஓட்டல்ல நீச்சல் குளம் இருக்கு, ஜிம் இருக்கு, மொட்டை மாடில ரெஸ்டாரன்ட் இருக்கு சார்."

"மாடியா? லிஃப்ட் இருக்குதாம்மா?"

"இருக்கு சார்."

"லிஃப்ட் வரிக்கும் போறதுக்குப் படி எத்தினி?"

"வாசல்ல ஒரு இருபது படி சார். ராஜா காலத்து ஸ்டைல்ல ரொம்ப அழகா இருக்கும்."

ராஜாக்களுக்கு அடைப்பு வராது போலிருக்கிறது. அதை அடித்துவிட்டேன். இரண்டாவது ஓட்டல், பார்க் வாசலுக்கு நேர் எதிரே என்று விளம்பரம்.

"நேர் எதிர்லன்னா நடந்தா எவ்ளோ நேரம் தம்பி?"

"பத்து நிமிஷம் சார்."

"மெதுவா நடந்தா?"

"பதினஞ்சு."

"நின்னு நின்னு நடந்தா?"

"சார், பெரியவங்க யாராவது வராங்களா?"

"ஆமா, எங்க மாமனாரு," என்றேன்.

"எங்கப்பா எப்ப மாமா எழுந்து வந்தாரு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. மாமனார் செத்து ஒன்பது வருஷம். நான் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது ஓட்டல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஆனால் வாசலிலேயே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். பார்க்குக்குள் பேட்டரி வண்டி உண்டாம். எனக்கு உயிர் வந்தது.

"பேட்டரி வண்டி எல்லா ராட்டினத்துக்கும் போவுமா?"

"நடு ரவுண்டானா வரைக்கும் போகும் சார். அங்கேருந்து நடைதான்."

"பார்க்குக்குள்ள ஓடுற குட்டி ரயிலு?"

"அதுக்கு மேம்பாலம் ஏறி இறங்கணும் சார்."

வந்த உயிர் திரும்பிப் போயிற்று. தினமும் காலையில் வேலைக்கு ரயிலில் வந்து இறங்கி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று போனைப் பார்க்கிறவன் நான். போனில் ஒன்றும் இருக்காது. மூச்சு வருகிற வரைக்கும் பார்ப்பேன். யாரும் சந்தேகப்படுவதில்லை, ஊரில் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

சுமலதா வந்து நோட்டை எடுத்தாள். படித்தாள்.

"படி. நடை. லிஃப்ட். உக்கார பெஞ்சு. வாடகை எங்க மாமா?"

"அது... எழுதணும்."

"டீக்கடையில பன்னு ரேட்டு கேட்டுட்டுத்தான் உனக்குப் பசியே எடுக்கும். நீ வாடகை கேக்கலியா?"

"வயசாவுது சுமா. வசதிதான் முக்கியம்."

அவள் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி. ஓட்டல நான் பார்த்துக்கறேன். நீ பேஜாரு பண்ணிக்காத."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் எதிர்க் கேள்வி கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

காலாண்டுப் பரீட்சை லீவில் கிளம்பினோம். பீட்டர் தன் மச்சானுடைய காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். வாய் ஓயாமல் பேசுகிறவன், அன்றைக்குக் கவரைப்பேட்டை தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. கவிப்பிரியா முன்சீட்டில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். பார்க் பார்க் என்று பறந்த பெண் இப்படிச் சாதுவாக வருகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

"எந்த ஓட்டலு போட்டுருக்க சுமா?"

"உன் நோட்டுல இல்லாதது."

"படி?"

"ஒரு படி இல்ல. சறுக்கலா கட்டியிருக்காங்க."

"நடக்கணுமா?"

"நடக்கவே வுட மாட்டாங்க. வாசல்லயே வண்டி வச்சுக்கினு நிப்பாங்க."

"நாஷ்டா?"

"கட்டிலுக்கே வரும். உப்புதான் கம்மி."

பீட்டருக்கு இருமல் வந்தது.

"எத்தினி நாளு?"

"அத அவங்கதான் சொல்லுவாங்க."

என் பெண்டாட்டியின் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. மாதவரத்தில் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது கார் ஒரு பெரிய போர்டிகோவில் நின்றிருந்தது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் சக்கர நாற்காலியோடு நின்றார். வணக்கம் வேறு சொன்னார். நான் கம்பீரமாக உட்கார்ந்தேன். தள்ளிக்கொண்டே போனார்கள். எங்கும் பினாயில் வாசனை. நல்ல சுத்தமான ஓட்டல் என்று நினைத்தேன். அப்புறம் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு இதயத்தின் படம் வந்தது. பாதியாக வெட்டி உள்ளே காட்டியிருந்தார்கள்.

தீம் பார்க்கில் என்னென்னவோ வைப்பார்கள். ஆனாலும் இது அதிகம்.

எழுந்திருக்கப் பார்த்தேன். தோளில் ஒரு கை அழுத்தியது.

"உக்காரு," என்றாள் சுமலதா.

"இன்னா சுமா இது?"

"பொன்னேரி டாக்டரு உன்ன நாளைக்கே போன்னு சொன்ன எடம். ஏழு மாசம் லேட்டு."

உள்ளே ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர் இருந்தார். எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார்.

"வலியா? எனக்கா? ஒரு வாரமா கொஞ்சம் வாயுத் தொல்லை டாக்டர். எங்க கம்பெனி மெடிக்கல்லயே ஃபிட்டுன்னு குடுத்திருக்காங்க," என்று போனில் படம் பிடித்து வைத்திருந்த சர்ட்டிபிகேட்டைக் காட்டினேன். டாக்டர் அதைப் பெரிதாக்கிப் படித்தார்.

"வயித்துல குடல்வால் ஆபரேஷன் தழும்புன்னு போட்டிருக்கே. சட்டையைத் தூக்குங்க."

தூக்கினேன். என் வயிறு வழவழவென்று இருந்தது. டாக்டர் சுமலதாவைப் பார்த்தார். சுமலதா பீட்டரைப் பார்த்தாள். பீட்டர் இரண்டு கையாலும் தன் வயிற்றை மூடிக்கொண்டான்.

"பீரோவுல நீ ஒளிச்சு வச்ச பொன்னேரி டாக்டரு சீட்டப் படிச்ச அன்னிக்கே இவுரு ஊட்டுக்குப் போனேன் மாமா," என்றாள். "இவுரு சம்சாரம் ஆரோக்கியமேரிய நலம் விசாரிச்சுக்கினு இருந்தேன். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே இந்தாளு எல்லாத்தையும் கக்கிட்டாரு."

"அண்ணி மொறைச்சாங்கண்ணா," என்றான் பீட்டர்.

"மறுநாளு உன் பின்னாடியே ரயிலேறி வந்தேன்," என்றாள் சுமலதா. இப்போது அவள் குரல் மாறியிருந்தது. "பாலத்துப் படியில நின்னு போனப் பார்த்துக்கினு இருந்த. கீழ இருந்து நான் உனக்குப் போன் பண்ணேன். உன் கையிலதான் போன் இருக்குது. மணி அடிச்சு அடிச்சு நின்னுடுச்சு. உனக்குத் தெரியவே இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட் பாஸு போயிடும் சுமா."

"போவட்டும். செத்தவனுக்கு எந்தக் கம்பெனி கேட்டத் தொறக்குது? சிரிச்ச மாதிரி போட்டோ வேணும்னு புதுச் சட்ட வேற எடுத்து வச்சிருக்க. அதுக்கு நான் தெனம் பூ வாங்கிப் போடணுமா?"

"எனக்கு பயமா இருக்குது சுமா."

இத்தனை நாளில் உண்மையாக நான் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

"எனக்கு மட்டும் இன்னா?" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். டாக்டர் எதிரிலேயே, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அப்பா செத்தபோதுகூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் நான் எதிர்க்கவில்லை. நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று இடத்தில் அடைப்பு. ஒரு பெரிய ராட்டினம் ஏறியிருந்தால் போதும், இறங்கும்போது நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காலையில் ஆபரேஷன். மாரை மழித்து, பச்சைத் துணி போர்த்தி, தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். நூற்றில் சில பேர் திரும்பி வருவதில்லை என்பதையும் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மேலே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின.

ஆபரேஷன் தியேட்டர் கதவருகே ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். கவிப்பிரியா என் கால் விரலைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வார்த்தை சொல்ல வேண்டிய நேரம். ஏழு மாசமாகத் தயார் செய்து வைத்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"கவி," என்றேன். "பார்க்குக்குக் கூட்டிக்கினு போறேன்னு சொல்லி அப்பா உன்ன ஏமாத்திட்டேன். மன்னிச்சுடும்மா."

வண்டி தள்ளுகிற நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கவிப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா விட்டத்தைப் பார்த்தாள்.

"இன்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாமா," என்றாள் சுமலதா. "புள்ள ஏமாறக் கூடாதேன்னு போன ஞாயித்துக்கெழம நீ ஷிப்ட்டுக்குப் போனப்ப மகளிர் குழு வேன்லயே போய்ட்டு வந்துட்டோம். ரொம்ப நடக்கணும். உனக்கு ஆவாது."