டிஷ்யூ ஆன்ட்டி நடத்திய விசாரணை

டிஷ்யூ ஆன்ட்டி எங்கள் வலைப்பந்துக் குழுவுக்கு வந்த முதல் மாதத்தில் நடந்தவை:

1. இடைவேளையில் நடுவருக்கு ஆயுள் காப்புறுதி விற்றார்.
2. ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்றுநருக்கு விபத்துக் காப்புறுதி விற்றார்.
3. எங்கள் கோச் அவரைக் கண்டாலே, அழைப்பே வராத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.
4. வேறு வேலை கொடுத்தால் விற்பனை குறையும் என்று நம்பி, அவரை வீராங்கனைகளின் பாதுகாப்புப் பொறுப்பாளராக்கினோம்.

சிங்கப்பூர் முழுவதும் தேடினாலும் ஆன்ட்டியிடம் பிடிபட்டுத் தப்பித்த ஒருவரைக் காட்ட முடியாது. அவர் காப்புறுதி முகவர். தன் சிரித்த முகத்தை அச்சிட்ட டிஷ்யூ பொட்டலங்களை மழைபோல் வழங்குவார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே மூக்கைத் துடைப்பது யாருக்கும் சங்கடம்தான். அவருடைய மகள் ப்ரீத்தி எங்கள் அணித்தலைவி.

நான் வாரநாள்களில் ரயில் சமிக்ஞைகளைச் சோதிக்கும் பொறியாளர். சனிக்கிழமைகளில், ஜாலான் புசார் பக்கம் பயிற்சி செய்யும் இந்தச் சிறுமியர் குழுவின் நிர்வாகி.

குழுவிலேயே உயரமானவள் யாழினி. கோல் போடுவது அவள் வேலை. சுவா சூ காங்கிலிருந்து ரயிலேறி, எல்லாருக்கும் முன்பே வந்து, தனியாக வளையத்தைப் பார்த்துப் பந்தெறிந்துகொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் ஒருநாள், இந்தப் பருவத்தோடு நின்றுவிடுகிறேன் என்றாள். கேட்டதற்குப் படிப்பு என்றாள். கோச் நம்பினார். ஆன்ட்டி நம்பவில்லை. அவர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் உணவங்காடிகளில் ஒரு டிஷ்யூ பொட்டலம் என்பது கோட்டைச் சுவர். இடம் பிடிக்க அதை மேசையில் வைத்துவிட்டுப் போனால், கையில் சுடச்சுட பிரியாணித் தட்டோடு நிற்கும் மல்யுத்த வீரர்கூட நகர்த்த மாட்டார். பெருமூச்சுவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். தேக்கா உணவங்காடியில் மதியம் ஒரு மணிக்கு ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே இடம் பிடித்துவிடக்கூடியவர் ஆன்ட்டி. இந்தத் துறையில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இடைவேளையில் பெண்கள் எல்லாரும் பெஞ்சில் நடுநடுவே தண்ணீர்ப் பாட்டில்களை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாழினி மட்டும் வேலியோரம் நின்று தண்ணீர் குடித்தாள்.

“அந்தப் பாட்டிலெல்லாம் ஏன் நடுவுல நிக்குது?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார் ஆன்ட்டி. “இடம் பிடிக்கிறதுல ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணு, நாம உட்கார. இன்னொண்ணு, இன்னொருத்தர் உட்காரக் கூடாதுன்னு. இது ரெண்டாவது.”

பிறகு ஆட்டத்தைக் கவனித்தோம். வளையத்தின் அடியில் யாழினி கையை உயர்த்தியபடியே இருந்தாள். பந்து அவளைச் சுற்றிக்கொண்டு போனது. ‘ஜிராஃப்’ என்று யாரோ முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள்.

கோச்சிடம் சொன்னோம். “சின்னப் பிள்ளைங்க லா, ஆன்ட்டி. கிண்டல் பண்ணிக்குவாங்க. அடிதடி ஒண்ணும் இல்லையே.”

“வெளியில காயம் இல்லன்னா க்ளெய்ம் கிடையாதுன்னு எந்த பாலிசியில எழுதியிருக்கு, கோச்?”

கோச் வாழ்நாளில் எந்த பாலிசியையும் படித்ததில்லை. அதனால் மறுபடியும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

விசாரணை தொடங்கியது. ஆன்ட்டி முதலில் யாழினியிடம், பிறகு ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக, ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்துப் பேசினார். யாரையும் திட்டவில்லை. எங்கே நின்றாய், என்ன பார்த்தாய், அப்புறம் என்ன ஆனது என்று, கார் மோதிய சந்திப்பில் சாட்சிகளைக் கேட்பது போலவே கேட்டார். ஒரு பெண் கலங்கிப்போய், தன் அண்ணனின் ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்ததையும் சேர்த்து ஒப்புக்கொண்டாள். அது நம் வரம்பில் வராது என்று ஆன்ட்டி தள்ளுபடி செய்தார்.

எல்லார் கதையும் ஒரே பெயரில் போய் முடிந்தது. பாட்டில் வைக்கச் சொன்னது, பேர் வைத்தது, குழு அரட்டையிலிருந்து யாழினியை நீக்கியது, எல்லாம் ப்ரீத்தி.

ஆன்ட்டி நேராக என்னிடம் வந்தார்.

“என் பொண்ணுதான்” என்றார். “இந்தக் கேஸ்ல இனி நான் இருக்கக் கூடாது. நீங்க பாருங்க. என் முகத்துக்காக விட்டுக்கொடுத்தீங்கன்னா, உங்க மேலயும் ரிப்போர்ட் போகும் லா.”

யாழினியிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். “எல்லார் முன்னாடியும் சாரி சொல்ல வைக்காதீங்கக்கா. பந்தைக் கொடுக்கச் சொல்லுங்க. அது போதும்.”

பெற்றோர்களை அழைத்துப் பேசினோம். ப்ரீத்தியின் தலைமைப் பொறுப்பு போனது. சில ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வேண்டும், ஆனால் பயிற்சிக்கு வர வேண்டும் என்று முடிவானது. கோச் ஒரு புதுப் பயிற்சி கொண்டுவந்தார்: பந்து எல்லார் கையையும் தொட்டுவிட்டு வந்தால்தான் கோல் கணக்கில் சேரும்.

ப்ரீத்தி வெளியே உட்கார்ந்த முதல் ஆட்டத்தில், “நீ அம்மாவா, போலீஸா?” என்று சீறினாள்.

“ரெண்டுமே எனக்குச் சம்பளம் இல்லாத வேலைதான். உட்காரு” என்ற ஆன்ட்டி, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அத்தனை ஆட்டங்களிலும் மகளைவிட்டு நகரவில்லை. ஒரு பாலிசிகூட விற்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று நடுவர் கவலையோடு வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் உட்லண்ட்ஸில். ப்ரீத்தி சாதாரண ஆட்டக்காரியாகத் திரும்பியிருந்தாள். யாழினி இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்த ஆட்டம் முடியட்டும் என்றிருந்தாள். இரு அணியும் சமநிலையில் இருந்தபோது, எதிரணிப் பக்கம் நின்ற ஒரு அப்பா, யாழினி பந்தெறியும் போதெல்லாம் “ஜிராஃப்” என்று கத்த ஆரம்பித்தார். யாழினியின் இரண்டு பந்துகள் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தன.

அடுத்த பந்து ப்ரீத்தியிடம் வந்தது. அவள் எறியவில்லை. பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தினாள். மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் அது எதிரணிக்குப் போய்விடும். போனது. கோச் தலையில் கை வைத்தார். ப்ரீத்தி அசையவில்லை.

“மிஸ், அவர் எங்க ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்” என்றாள் நடுவரிடம். “அவ பேரு யாழினி.”

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அந்த அப்பாவைத் திடலை விட்டு வெளியே அனுப்பினார். எங்கள் பெண்கள் பந்தை மீட்டார்கள். அது ஒவ்வொரு கையாக வந்து ப்ரீத்தியை அடைந்து, அவளிடமிருந்து யாழினிக்குப் போனது. இந்த முறை வளையத்தைத் தொடாமலேயே உள்ளே விழுந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம்.

டிஷ்யூ ஆன்ட்டி எகிறிக் குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அந்தப் பருவம் முழுவதும் எங்கள் குழுவில் ஏற்பட்ட ஒரே காயம், பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு ஏற்பட்டதுதான். யாழினியும் ப்ரீத்தியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை வாடகை வண்டி வரை நடத்திப் போனார்கள்.

இப்போதைய நிலை இது. யாழினி குழுவில் இருக்கிறாள். ப்ரீத்தியும் இருக்கிறாள். இருவரும் நெருங்கிய தோழிகள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பந்து தவறாமல் போகிறது. விஷயம் கேள்விப்பட்ட வேறு இரண்டு குழுக்கள் ஆன்ட்டியைத் தங்களுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டதால், எங்களுக்கு அவர் மாதத்தில் பாதிச் சனிக்கிழமைகளில்தான் கிடைக்கிறார். எனக்கு அது போதவில்லை.