சாட்சிக் கணினி

மின்னொளியாரின் கை பட்டால் செத்த மடிக்கணினியும் எழுந்து உட்காரும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. மூடிக்கிடந்த நாற்காலிக் கடை ஒன்றில் அவர் குடியேறிய மூன்றாவது வாரமே, நிறுத்தமே இல்லாத அந்த வாசலில் பேருந்து நிற்கத் தொடங்கியது. இறங்கியவர்கள் காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கணினிகளை மார்போடு அணைத்து வந்தார்கள். சிலருடையதில் ஒரு கோளாறும் இல்லை. வருமுன் காக்க வந்திருந்தார்கள்.

வரிசையில் நாற்பத்தோராவதாக நின்றாள் தையல்காரி. பக்கத்தில் அவளுடைய நாத்தனார். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அண்ணிக்குத் துணையாக அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

"டோக்கன் குடுக்கறாங்க அண்ணி. மாத்திரையும் குடுப்பாங்களா?"

"சும்மா இரு. காதுல விழப்போகுது."

தையல்காரிக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. முந்தின நாள் மதியம் அவளுடைய வேலையறையில் 'பட்'டென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. மேசையிலிருந்த கணினியின் திரை இருண்டுபோனது. சனிக்கிழமை பாடகர் குழுவுக்கு நாற்பது அங்கிகள் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு பறவை. மூன்று வாரம் கண் வலிக்க வரைந்த அந்தப் பறவை கணினிக்குள் இருந்தது. பூவேலை இயந்திரம் அதை அங்கிருந்துதான் வாங்கித் தைக்கும். வேறெங்கும் பிரதி இல்லை. எடுத்து வைக்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள். நினைத்தது மட்டும்தான் மிச்சம்.

இன்று காலையிலேயே கணினி பழுது பார்க்கும் பெண்ணிடம் போனாள். அவள் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சோதித்தாள்.

"ஃபேன் ஓடுது. கீபோர்டுல லைட் எரியுது. வேற ஒரு திரையில செருகிப் பார்த்தேன், அதுலயும் படம் வரலை. ஷார்ட் ஆனதுல, படம் காட்டற கிராபிக்ஸ் சிப்பு போயிருக்கும்னு நினைக்கிறேன். திறந்து அளந்து பார்த்தாத்தான் தெரியும்."

"சரியாயிடுமா?"

"தெரியலைம்மா. விட்டுட்டுப் போங்க, ஒரு நாள் ஆகும்."

தெரியலை. கைபிசைந்து நிற்பவளிடம் சொல்கிற சொல்லா அது? கணினியை வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள். நம்பி வரவில்லை, சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு முன்னால் நின்ற நாற்பது பேரும் அதையேதான் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே மின்னொளியார் வெள்ளை அங்கியில் வீற்றிருந்தார். வலது கையில் தடித்த மோதிரம், அதில் கோலிக்குண்டு அளவில் ஒரு கறுப்புக் கல். அவள் கணினியை அவர் திறக்கவே இல்லை. திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வதெல்லாம் சாமானியர்கள் வேலை அல்லவா?

"இதுல பழுதுன்னு எதுவும் இல்லை மகளே. கண்ணு பட்டிருக்கு. உன் வீட்டுக்கு வந்து போற ஒருத்தியோட கண்ணு."

சொல்லிவிட்டுச் சைகை காட்டினார். சீடன் ஒருவன் பட்டுத்துணி விரித்த மேசையைத் தள்ளி வந்தான். அதன்மேல் பளிச்சென்று எரிகிற ஒரு மடிக்கணினி. அதற்குச் சாட்சிக் கணினி என்று பெயர். குற்றம் உள்ளவர் முன்னால் அது இருண்டுவிடுமாம்.

முதலில் தையல்காரியை உட்காரவைத்து உயரத்தில் கையை வீசினார். திரை எரிந்தது. பிறகு நாத்தனாரை உட்காரச் சொன்னார். இந்த முறை கை தாழ்ந்து வந்து விசைப்பலகையின் ஓரத்தைத் தடவிப் போனது. திரை பட்டென்று இருண்டது. கூட்டம் 'உச்' கொட்டியது. இரண்டு பேர் நாத்தனாரிடமிருந்து தங்கள் கணினிகளை மறைத்துக்கொண்டார்கள்.

தையல்காரியின் மனம் அந்தக் கணமே வேலையில் இறங்கிவிட்டது. எனக்கும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று போன வாரம் நாத்தனார் சொன்னது ஞாபகம் வந்தது. கணினி செருகியிருந்த மின்பலகையில் இஸ்திரிப்பெட்டியையும் செருகிய ஒரு கை ஞாபகம் வந்தது. அது யார் கை? மனம் தாராளமாக அந்தக் கையில் நாத்தனாரின் வளையலை மாட்டிவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு இறங்கியதுபோல் இருந்தது. அப்பாடா, நான் இல்லை.

அந்த 'அப்பாடா'தான் அவளைத் திடுக்கிடவைத்தது. இவ்வளவு சுலபமாகவா?

"இவ ஒரு வருஷம் உன் வாசலை மிதிக்கக் கூடாது," என்றார் மின்னொளியார். "கணினி இருபத்தொரு நாள் இங்கேயே இருக்கட்டும்."

"சனிக்கிழமை வேலை இருக்குங்க ஐயா."

"அவசரம்தான் உன்னோட ரெண்டாவது நோய்."

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். தையல்காரியால் அதைப் பார்க்க முடியவில்லை.

மின்னொளியார் ஆசி வழங்கக் கையை நீட்டினார். தையல்காரி வேலை மும்முரத்தில் குண்டூசிகளைச் சட்டைக் கையில் குத்தி வைப்பாள். நுனி மட்டும் செருகியிருந்த ஒன்று மெல்லத் தலை தூக்கியது, துள்ளியது, போய்க் கறுப்புக் கல்லில் ஒட்டிக்கொண்டது. குண்டூசிக்குக்கூட பக்தி வந்துவிட்டதோ?

வரவில்லை. அவளுக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது. சிந்திய ஊசிகளைப் பொறுக்க மணிக்கட்டில் காந்தப்பட்டை கட்டுவது அவள் வழக்கம். அதோடு கணினியில் வேலை செய்தால் திரை அணைந்து அணைந்து எரிந்தது. பழுது பார்க்கும் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூடியில காந்தம் இருக்கும்மா. அது கிட்ட வந்தா மூடியாச்சுன்னு கணினி தூங்கிடும். உங்க கைக்காந்தத்தைப் பார்த்து ஏமாந்துட்டிருக்கு பாவம்."

"ஐயா, மோதிரத்தைக் கழட்டிட்டு இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றாள்.

"கழட்டினா சக்தி போயிடும்."

"அப்ப சக்தி யாருக்கு, உங்களுக்கா மோதிரத்துக்கா?"

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். அவள் பைக்குள்ளிருந்து காந்தப்பட்டையை எடுத்து மணிக்கட்டில் கட்டினாள். சாட்சிக் கணினியை மின்னொளியாரின் முகத்துக்கு நேராகத் திருப்பி, ஒரு விசையைத் தட்டித் திரையை எரியவிட்டாள். விசைப்பலகையின் ஓரத்தில் கையை ஓட்டினாள். திரை இருண்டது.

"சாட்சி சொல்லிடுச்சு," என்றாள் நாத்தனார், கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

இனி கூட்டம் கொதித்தெழும் என்றுதானே நினைப்பீர்கள்? கூட்டம் கைகூப்பியது. "அம்மாவுக்கு அவரைவிட சக்தி ஜாஸ்தி," என்று ஒரு குமாஸ்தா முன்னால் வந்து தன் கணினியை நீட்டினார். வரிசை சத்தமில்லாமல் அவள் பக்கம் திரும்பியது. ஒரு கணம் அவளுக்கும் அது இனிக்கத்தான் செய்தது. உடனே பட்டையைக் கழற்றிக் குமாஸ்தாவின் கையிலேயே கட்டிவிட்டாள்.

"நீங்களே செய்யுங்க சார்."

அவர் செய்தார். திரை அணைந்தது. கையை எடுத்துத் தட்டினார், எரிந்தது. மறுபடி அணைத்தார். நாலாவது தடவை அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, ஏமாந்தவனின் வெட்கமும் கலந்த சிரிப்பு. பட்டை கைக்குக் கை மாறியது. அது கடைசி ஆளிடம் போய்ச் சேர்வதற்குள் மின்னொளியார் பின்வாசல் வழியாக ஜோதியில் கலந்துவிட்டார். சீடனும் கலந்துவிட்டான், பட்டுத்துணியோடு.

அங்கிருந்து நேரே கொண்டுபோய் விட்டுவந்த கணினியை மறுநாள் மாலை பழுது பார்க்கும் பெண் திருப்பிக் கொடுத்தாள். "பெரிய கிராபிக்ஸ் சிப்பு கருகிடுச்சு. ப்ராசசருக்குள்ளயே சின்னதா ஒண்ணு இருக்கு. கருகினதை ஓரங்கட்டிட்டு அதுக்கு மாத்திவிட்டுட்டேன். விளையாட்டெல்லாம் ஓடாது. உங்க பறவை பறக்கும்."

அன்றைக்கே நெஞ்சில் பறவையோடு முதல் அங்கி இயந்திரத்தை விட்டு இறங்கியது. நூலை வெட்டிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் தையல்காரி சொன்னாள்.

"நேத்து ஒரு நிமிஷம் நான் நம்பிட்டேன்."

"தெரியும் அண்ணி. முகத்துல எழுதியிருந்துச்சு. கண்ணாடியைத் துடைச்சு நல்லாப் படிச்சேன்."

"இஸ்திரிப்பெட்டியைச் செருகினது நான்தான்."

"அதுவும் தெரியும். பெட்டியில தண்ணி ஒழுகுதுன்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம்தானேன்னீங்க. அந்தப் பக்கம் துணியை இழுங்க, முப்பத்தொன்பது பாக்கி."

அதே நாற்காலிக் கடைக்கு இப்போது கைப்பேசிகளுக்குத் திருஷ்டி கழிப்பவர் ஒருவர் வரப்போகிறாராம். பேருந்து இன்னும் அங்கே நிற்கிறது.

மடிக்கணினிக்கு ஒரு குணம் உண்டு. காந்தம் அருகில் வந்தால் தன் மூடி மூடிவிட்டது என்று நம்பிக் கண்ணயர்ந்துவிடும். நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க அதற்குக் கை இல்லை. நமக்கு இரண்டு இருக்கின்றன.